பனிக்கடலுக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

அன்புள்ள ஒளிப்பட நண்பர்களே,

நவம்பரில் தொடங்கும் அண்டார்டிகப் பருவத்துக்கு உங்களில் சிலர் கப்பலில் இடம் பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மனம் நிறைந்த வாழ்த்துகள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும், பல வருஷச் சேமிப்பைப் போட்டுப் போகிறீர்கள். கார் வாங்கவோ வீட்டைப் புதுப்பிக்கவோ வைத்திருந்த பணமாகக்கூட இருக்கும். அந்தக் கண்டத்தின் மேல் அவ்வளவு ஆசை இருந்தால்தான் இப்படிச் செலவு செய்ய மனம் வரும். அந்த ஆசையை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கருவிகளைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். 100-400 மி.மீ. ஜூம் ஒன்று, 24-70 ஒன்று. இரண்டையும் தனித்தனி கேமராவில் மாட்டிக்கொண்டால், உப்புச்சாரல் அடிக்கும் படகில் லென்ஸ் மாற்றும் வேலை இருக்காது. பேட்டரிகளை உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள். கோடையில் அண்டார்டிகத் தீபகற்பத்தின் கரையோரம் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். நீங்கள் பயப்படும் அளவுக்குக் கேமரா உறைந்துபோகாது. குளிரைவிட ஈரம்தான் அதைக் கெடுக்கும். சூடான அறைக்குள் நுழையும் முன்பே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தினமும் உப்பைத் துடையுங்கள். கருவி விஷயத்தில் இவ்வளவு போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் அங்கே எடுக்கப்போகும் படம், வேகமாக மாறிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தின் சாட்சியம். சாட்சி சொல்கிறவருக்கு இரண்டு கடமை உண்டு. பார்த்த பொருளைக் கெடுக்கக் கூடாது. பார்த்ததை மாற்றிச் சொல்லவும் கூடாது. கரையில் ஒரு பென்குயின் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போதும், ஊருக்கு வந்து கணினி முன் உட்காரும்போதும் இந்த இரண்டையும் மறக்கவைக்கும் ஆசைகள் நிறைய வரும். அதனால்தான் நீங்கள் புறப்படும் முன்பே எழுதுகிறேன்.

உஷுவாயா துறைமுகத்திலிருந்து பீகிள் கால்வாயைத் தாண்டியதும் டிரேக் நீரிணை வரும். ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் இடையே சுமார் 800 கி.மீ. கடல். கடக்க ஏறக்குறைய 2 நாள் ஆகும். வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தே அந்த இரண்டு நாளையும் கழித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தளத்துக்கு வர அனுமதி கிடைத்ததுமே கப்பலின் பின்பக்கம் போய் நில்லுங்கள். 3.5 மீட்டர் வரை இறக்கை விரியும் வாண்டரிங் ஆல்பட்ராஸ் அங்கே கப்பலின் பின்னாலேயே வரும். இறக்கையை அடிக்காமலே வரும். அலையின் மேல் ஏறும் காற்றில் எழும்பி, திரும்பி, கடலைத் தொடுகிறாற்போல் இறங்கி, மறுபடி எழும்பும். பார்த்ததும் கேமராவைத் தூக்க வேண்டாம். கால் மணி நேரம் வெறுமனே கவனியுங்கள். ஒரே வட்டத்தை அது திரும்பத் திரும்பப் போடுவது பிடிபடும். எந்த இடத்தில் வெளிச்சம் முகத்தில் விழுகிறது என்பதும் தெரிந்துவிடும். பிறகு ஷட்டரை 1/2000-க்கு வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு அது வரும்வரை காத்திருந்தால் போதும். லென்ஸைக் கைப்பிடிக் கம்பியில் சாய்க்காதீர்கள். எஞ்சின் அதிர்வு படத்தில் வந்துவிடும்.

அங்கேயே, அலைமேடுகளுக்கு நடுவே, கறுப்பாய்ச் சின்னதாய் ஒரு பறவை தண்ணீரின் மேல் காலால் தட்டித் தட்டி நடப்பதுபோல் பறக்கும். வில்சன் புயற்பறவை. எடை ஏறக்குறைய 40 கிராம். அண்டார்டிகக் கரையின் பாறை இடுக்குகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் வந்ததும் பூமத்தியரேகையைத் தாண்டி வடக்கே வந்துவிடும். அரபிக்கடலிலும் இலங்கைக் கடலிலும் அதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆல்பட்ராஸின் கம்பீரத்துக்கு முன்னால் இதை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பறவை இதுதான். இதை ஃபோகஸில் பிடித்துவிட்டால் மற்ற எந்தப் பறவையையும் பிடித்துவிடலாம்.

இனி பனிப்பாறை. முதல் பாறை கண்ணில் பட்டதும் கப்பலே தளத்துக்கு ஓடிவரும். அந்தப் பாறையைத் தாராளமாக எடுங்கள், யாராலும் கையை அடக்க முடியாது. ஆனால் உண்மையான வேலை பின்னால்தான். லெமேர் கால்வாய்க்குத் தெற்கே ப்ளெனோ என்று ஒரு சின்னத் தீவு. அதை ஒட்டிய ஆழமில்லாத கடலில் பெரிய பனிப்பாறைகள் வந்து தரைதட்டி நின்றுவிடும். பனிப்பாறைகளின் இடுகாடு என்று அந்த இடத்தைச் சொல்வார்கள். ரப்பர் படகில் அதன் நடுவே மெல்லப் போகும்போது பாறையை வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

பாறையின் இடுப்பில், கடல்மட்டத்தில், அலை அரித்த ஒரு பள்ளக்கோடு ஓடும். அதற்கு மேலே இன்னொரு கோடு சாய்வாக ஏறிப்போனால், அது பழைய நீர்மட்டம். பாறை ஒரு பக்கம் உருகி எடை மாறி, சாய்ந்து, புது நிலையில் நின்றிருக்கிறது. வேறு கோணத்தில் மூன்றாவது கோடு இருந்தால் அது மறுபடியும் சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க நுங்கு தோண்டியெடுத்த குழிகள்போல் வழவழப்பாக இருந்தால், அந்தப் பக்கம் நேற்றுவரை தண்ணீருக்கு அடியில் இருந்தது என்று அர்த்தம். செங்குத்தாக, வரிவரியாக ஓடும் வாய்க்கால்கள் தெரிந்தால், அவை உருகும் பனியிலிருந்து விடுபட்ட காற்றுக்குமிழிகள் மேலே ஏறிய தடம். குறுக்கே போகும் கண்ணாடி நீல நாடா, பனியாறாக இருந்த காலத்தில் பிளவுக்குள் ஓடிய உருகுநீர் மறுபடி உறைந்தது. கறுப்புப் பட்டை, அந்தப் பனியாறு மலையைத் தேய்த்து எடுத்துவந்த கல்தூள்.

படகோட்டி எஞ்சினை அணைக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். சுற்றிலும் படபடவென்று பொரியும் சத்தம் வரும். பனிக்குள் அழுத்தத்தில் அடைபட்டிருந்த பழங்காலத்துக் காற்று, உருகும்போது வெடித்து வெளியேறுகிறது. இதைப் படமெடுக்க முடியாது. வீடியோவிலாவது பதிவு செய்யுங்கள். பின்னணி இசை எதையும் போட்டு அதை மூடிவிடாதீர்கள்.

நீலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் படம் எடுப்பது சுலபமாகும். விழுந்த பனி அடுக்கடுக்காய் அழுந்தும்போது குமிழிகள் சுருங்கிவிடும். குமிழி நிறைந்த பனி எல்லா ஒளியையும் சிதறடிப்பதால் வெள்ளையாய்த் தெரிகிறது. குமிழி குறைந்த கெட்டிப் பனிக்குள் ஒளி ஆழமாய்ப் போகிறது. சிவப்பைப் பனி உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. நல்ல வெயிலில் மேற்பரப்பின் பளபளப்பு இந்த நீலத்தை அமுக்கிவிடும். மேகமூட்டமான நாளில்தான் அது உள்ளிருந்து எழுந்து வரும். ஆகையால் வானம் மூடிக்கிடக்கிறதே என்று அறைக்குள் இருந்துவிடாதீர்கள். பனிப்பாறைக்கு அதுதான் நல்ல நாள். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை அந்த நீலத்தைப் பிழை என்று எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கும். பகல்வெளிச்சத்துக்கு வைத்துவிட்டு ரா ஃபைலில் எடுங்கள். எக்ஸ்போஷரும் ஏமாற்றும். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கிவிடுவதே மீட்டரின் வேலை என்பதால், வெள்ளைப் பனி அழுக்காய் வரும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். ஆனால் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டக் கூடாது. வெந்துபோன வெள்ளையைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பனிப்பாறையின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கிறது. எப்போது புரளும் என்று யாராலும் சொல்ல முடியாது. புரண்டால் அடியிலிருந்து ஒரு மேடை எழும்பிப் படகையே கவிழ்க்கும். படகோட்டி தள்ளியே நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் நெருங்கச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். பெரிய கப்பலுக்கும் பனி இளக்கம் காட்டாது. 2007 நவம்பர் 23 அன்று எக்ஸ்ப்ளோரர் என்ற சுற்றுலாக் கப்பல் தெற்கு ஷெட்லாந்து அருகே பனியில் மோதி மூழ்கியது. அதில் இருந்த 154 பேரும் உயிர் பிழைத்தார்கள். கடல் அன்று அமைதியாக இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பாறையைத் தனியாக எடுத்தால் அது பத்து மீட்டரா, நூறு மீட்டரா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அளவு காட்ட ஏதாவது வேண்டும். அதை 1911லேயே செய்துகாட்டியவர் ஹெர்பர்ட் பான்டிங். ஆய்வுப்பயணி ஸ்காட்டின் டெரா நோவா கப்பல் பயணத்தில் போன ஒளிப்படக்காரர். அந்த ஆண்டு ஜனவரி 5 அன்று ஒரு பனிப்பாறைக்குள் இருந்த குகையின் உள்ளேயிருந்து அவர் எடுத்த படத்தில், குகைவாயில் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள், அதற்கப்பால் தொலைவில் கப்பல் தெரிகிறது. அந்த இரண்டு பேரை மறைத்துவிட்டுப் பார்த்தால் குகையின் பிரமாண்டம் போய்விடும். நமக்குக் குகைக்குள் போக அனுமதி இல்லை, போகவும் கூடாது. ஆனால் முன்னால் போகும் இன்னொரு ரப்பர் படகு, பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கடற்பறவை, ஓரத்தில் நம் கப்பல், இவற்றில் ஒன்று சட்டகத்துக்குள் வரக் காத்திருக்கலாம்.

அதே கண்டத்துக்கு வந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வுப்பயணத் தலைவர் ஷாக்கிள்டனின் என்டியூரன்ஸ் கப்பலில் ஒளிப்படக்காரராகப் போன ஃப்ராங்க் ஹர்லி. வெட்டல் கடலின் பனி அந்தக் கப்பலை நசுக்கி, 1915 நவம்பர் 21 அன்று அது மூழ்கியது. அதற்கு முன், பாதி மூழ்கிய கப்பலுக்குள் சட்டையைக் கழற்றிவிட்டு உறைநீரில் முங்கி, கண்ணாடி நெகட்டிவ்கள் வைத்திருந்த பெட்டிகளை ஹர்லி வெளியே எடுத்தார். ஆனால் அவ்வளவையும் தூக்கிக்கொண்டு பனிமேல் நடக்க முடியாது. அவரும் ஷாக்கிள்டனும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்து, சுமார் 120 தட்டுகளை வைத்துக்கொண்டு, சுமார் 400 தட்டுகளை அங்கேயே உடைத்தார்கள். மனம் மாறித் திரும்பி வந்து எடுக்கத் தோன்றக் கூடாது என்பதற்காக உடைத்தார்கள். அதன் பிறகு ஹர்லியிடம் இருந்தது ஒரு சின்னப் பாக்கெட் கோடாக் கேமராவும் 3 ஃபிலிம் ரோலும்தான். கப்பலை இழந்தபின் எலிஃபன்ட் தீவின் கரையில் தவித்துக் கிடந்த அந்தக் குழுவினரை உலகம் இன்று பார்ப்பது அந்த 3 ரோலால்.

நீங்கள் ஒரு மதியத்திலேயே அவர் அந்தப் பயணத்தில் மொத்தம் எடுத்ததைவிட அதிகமாய் எடுப்பீர்கள். எடுப்பதைக் குறையுங்கள் என்று நான் சொன்னாலும் நடக்காது. ஒவ்வொரு இரவும் கப்பலில் உட்கார்ந்து அன்றைய படங்களைத் தேர்ந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்த இடம், எந்த நாள், எந்த உயிரினம் என்று அப்போதே குறித்துவிடுங்கள். ஊருக்கு வந்தபின் எல்லாப் பாறையும் ஒரே பாறையாகத்தான் தெரியும்.

ஹர்லியின் கதையில் இன்னொரு பாதி உண்டு, அது எனக்கு வருத்தம் தருவது. 1916 ஏப்ரலில் ஜேம்ஸ் கேர்ட் படகு உதவி தேடி எலிஃபன்ட் தீவைவிட்டுப் புறப்பட்டபோது எடுத்த படத்தை, ஆகஸ்டில் மீட்புப் படகு வந்த காட்சி என்று திருத்திக் காட்டினார்கள். கரையில் நின்று வழியனுப்பியவர்கள், மீட்க வந்தவர்களை வரவேற்பவர்களாக மாறிவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்துப் படம் காப்பாற்றியவரின் தொகுப்பிலேயே இப்படி ஒன்று இருப்பதால், ஆய்வாளர்கள் அவருடைய மற்ற படங்களையும் இருமுறை பார்க்க வேண்டியதாகிவிட்டது. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் வானம் மாறுகிறது, இல்லாத திமிங்கலம் எழும்புகிறது. தயவுசெய்து வேண்டாம். வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் சீர்செய்யுங்கள். கண்ணால் பார்த்த நீலத்துக்கு மேல் நீலத்தை ஏற்றாதீர்கள். அங்கே இல்லாத எதையும் சேர்க்காதீர்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய படங்கள் இன்று அளவுகோலாகப் பயன்படுகின்றன. வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்டில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த பனியாற்றுப் படங்களை வைத்துக்கொண்டு, 2002இல் அதே இடங்களில் நின்று மறுபடி படமெடுத்தார்கள். பழைய படத்தில் கரைவரை நிற்கும் பனிச்சுவர் புதிய படத்தில் இல்லை. முதல் படத்தை எடுத்தவர் அதை அழகுபடுத்தியிருந்தால் இரண்டாவது படத்துக்கு மதிப்பே இருந்திருக்காது. அண்டார்டிகத்திலும் மாற்றம் கண்முன்னே நடக்கிறது. 2002இல் லார்சன் பி பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியது. 2017 ஜூலையில் லார்சன் சி-யிலிருந்து சுமார் 5,800 சதுர கி.மீ. பரப்புள்ள பனிப்பாறை பிரிந்தது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கடற்பனியை நம்பி வாழும் அடேலி பென்குயின்கள் குறைந்து, பனியில்லாத கரையை விரும்பும் ஜென்டூ பென்குயின்கள் தெற்கே பரவுகின்றன. நீங்கள் எடுக்கும் ஒரு கரையின் அகலப்படம், தேதியோடு, இன்னும் ஐம்பது வருஷம் கழித்து யாருக்கோ தேவைப்படும்.

இப்போது கரைக்கு வருவோம்.

இறங்குவதற்கு முந்தைய நாள் உங்கள் பைகளையும் உடைகளையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சச் சொல்வார்கள். கேமராப் பையின் வெல்க்ரோவிலும் முக்காலியின் பாதத்திலும் நம் ஊர்ப் புல்விதை ஒட்டியிருக்கும். அதைக் குண்டூசியால் நோண்டி எடுங்கள். போவா ஆனுவா என்ற சாதாரணப் புல் இப்படித்தான் மனிதர்களோடு போய் கிங் ஜார்ஜ் தீவில் வேர்பிடித்தது. பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்காமல் படகில் ஏற விடமாட்டார்கள். பறவைக்காய்ச்சல் வந்தபின் இது இன்னும் கடுமையாகிவிட்டது. எச்5என்1 கிருமி 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை அடைந்தது, 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலேயே உறுதியானது. அதனால் தரையில் உட்காரவோ மண்டியிடவோ படுக்கவோ பையை வைக்கவோ கூடாது. பென்குயினின் கண்மட்டத்தில் எடுக்கப் படுத்தே பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். வழிகாட்டி அனுமதித்தால் பூட்ஸ் மட்டும் தரையைத் தொடக் குந்தி உட்காருங்கள், கேமராவைத் தாழ்த்திப் பிடித்துத் திரையைத் திருப்பிப் பாருங்கள். அதே கோணம் கிடைக்கும்.

பென்குயினுக்கு 5 மீட்டர், ஃபர் சீலுக்கு 15 மீட்டர். இவை குறைந்தபட்ச தூரம். பறவை பதறினால் 5 மீட்டரும் போதாது. குவர்வில் தீவில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கூழாங்கற்களைக் குவித்துக் கட்டிய கூட்டில் ஒரு ஜென்டூ படுத்திருந்தது. எங்களோடு வந்த ஒருவர், கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடி ஒவ்வொரு அடியாக முன்னே போனார். பறவை முதலில் கழுத்தை நீட்டியது. பிறகு தலையை இடமும் வலமும் வேகமாகத் திருப்பியது. அடுத்து எழுந்து நின்றது. அடிவயிற்றின் மடிப்பிலிருந்து வெள்ளையாய் ஒரு முட்டை பாதி வெளியே தெரிந்தது. அவருக்கு அது அருமையான படம். பின்னால் பாறைமேல் உட்கார்ந்திருந்த ஸ்குவா என்ற முட்டைத் திருட்டுப் பறவை அதே முட்டையைப் பார்த்துவிட்டு இறக்கையை விரித்தது. வழிகாட்டி குரல் கொடுத்தார். படமெடுத்தவர் பின்வாங்கியதும் ஜென்டூ அலகால் முட்டையை உள்ளே தள்ளிக்கொண்டு படுத்தது. முழுச் சம்பவமும் அரை நிமிஷம்கூட இருக்காது. ஸ்குவா இரண்டு வினாடி முந்தியிருந்தால் அந்தக் கூட்டில் ஒரு குஞ்சு குறைந்திருக்கும்.

முட்டை தெரியும் படம் வேண்டுமா? நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அடைகாக்கும் பென்குயின் அவ்வப்போது தானாகவே எழுந்து முட்டையைப் புரட்டிவைக்கும். கடலுக்குப் போன துணை திரும்பி வரும்போது இரண்டும் தலை தாழ்த்தி, ஒலியெழுப்பி, இடம் மாற்றிக்கொள்ளும். சில நேரம் திரும்பி வந்த பறவை ஒரு கூழாங்கல்லையும் கொண்டுவந்து வைக்கும். பயந்து எழுந்த பறவைக்கும் தானாக எழுந்த பறவைக்கும் படத்தில் வித்தியாசம் தெரியும். கழுத்து நீண்டு இறுகியிருந்தால் பயம். ஒளிப்படப் போட்டிகளில் நடுவர்களாக இருக்கும் நண்பர்கள் இதைக் கற்றுக்கொண்டு, பயந்த விலங்கின் படத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தினால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கடலிலிருந்து கூட்டுக்குப் பென்குயின்கள் நடந்து நடந்து பனியில் வாய்க்கால்போல் பாதை விழுந்திருக்கும். அதை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வயிறு நிறைய இரையோடு வரும் பறவை உங்களைச் சுற்றிப்போகத் தெரியாமல் நின்றுகொண்டே இருக்கும், மேலே குஞ்சு பசியோடு இருக்கும். உங்கள் கால் பனியில் முழங்கால்வரை புதைந்தால் அந்தக் குழியை மூடிவிட்டுப் போங்கள். பென்குயின் விழுந்தால் ஏற முடியாது. மிதக்கும் பனித்துண்டில் தூங்கும் சீல் தலையைத் தூக்கிப் பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம். சுற்றுலா நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டோ, கரையோரப் பகுதிகளில் பொழுதுபோக்குக்காக ட்ரோன் பறக்கவிடுவதைத் தடைசெய்திருக்கிறது. வானத்திலிருந்து வரும் எதையும் பென்குயின் ஸ்குவா என்று எண்ணிப் பதறலாம். அந்தத் தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்களுக்கு ஹம்ப்பேக் திமிங்கலங்கள் நிறையக் கிடைக்கும். இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் இருபது லட்சத்துக்கும் அதிகமான திமிங்கலங்களைக் கொன்றார்கள். அதில் மிஞ்சியவற்றின் பேரப்பிள்ளைகளை நாம் இன்று பார்க்கிறோம். எல்லோரும் ஹம்ப்பேக் துள்ளும் தருணத்துக்காகக் காத்திருப்பார்கள். நான் கேட்பது வால். ஆழத்துக்குப் போகும்முன் அது வாலைத் தூக்கும்போது அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு வடிவம் தெரியும். ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் அது வேறு, நம் கைரேகை மாதிரி. 2015இல் தொடங்கிய ஹேப்பிவேல் என்ற திட்டம், பயணிகள் அனுப்பும் வால் படங்களைக் கணினியால் ஒப்பிட்டு ஒவ்வொரு திமிங்கலத்தையும் அடையாளம் காண்கிறது. அண்டார்டிகத்தில் பார்த்த அதே விலங்கு கொலம்பியா, ஈக்வடார், பனாமா கடல்களில் கன்று ஈனப் போவது இப்படித்தான் ஒவ்வொன்றாய் உறுதியாகிறது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வாலின் அடிப்பக்கம் நேராகத் தெரிய வேண்டும், நேரமும் இடமும் சரியாக இருக்க வேண்டும். கேமராவின் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு முதல் நாளே மாற்றிவையுங்கள்.

போவதே சரியா என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2023-24 பருவத்தில் அண்டார்டிகம் போன பயணிகள் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டினார்கள். கப்பல் புகையின் கரித்தூள் பனிமேல் படிந்து அது சீக்கிரம் உருகுவதாக 2022இல் வெளியான ஆய்வொன்று சொன்னது. 2024 மே மாதம் கொச்சியில் கூடிய அண்டார்டிக ஒப்பந்த நாடுகள், சுற்றுலாவை ஒழுங்குபடுத்தப் பொதுவான விதிமுறை வகுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கின்றன. அது வரும்வரை நாமே சில முடிவுகளை எடுக்கலாம். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது விதி, 500 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல்கள் யாரையும் இறக்குவதே இல்லை. ஆகவே சிறிய கப்பலைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் நல்ல படம் வேண்டும் என்று வருஷாவருஷம் போகாதீர்கள். ஒரு முறை போய், முழுதாகப் பார்த்துவிட்டு வாருங்கள். போக முடியாத நண்பர்களுக்கும் வேலை உண்டு. அண்டார்டிகக் கரைகளில் தானியங்கி கேமராக்கள் எடுத்த படங்களில் பென்குயின்களை எண்ணித் தரும் பென்குயின் வாட்ச் திட்டத்தில் வீட்டிலிருந்தே பங்கெடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊர் திரும்பிய அந்த வாரமே, நண்பர்களுக்குக் காட்டும் முன், வால் படங்களை வெட்டாமல், தேதியும் இடமும் சேர்த்து ஆய்வாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அவை ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கிவிடும்.

அன்புடன்,
தெற்கே போய்வந்த உங்கள் நண்பன்